உடல் அலுமினியம், புகைக்குழாய் எஃகு: ஏன்?

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை மழையில் நனைந்தாலும் அவற்றின் வெளித்தகடுகளில் செந்துரு படிவதில்லை. காரணம், அவை அலுமினியக் கலவையால் ஆனவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே, 1948-இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவரின் உடலை அலுமினியத்தால் செய்தார்கள்.

ஆனால், அடியில் உள்ள புகைக்குழாய் எஃகு, அது துருப்பிடிக்கும். அதையும் அலுமினியத்தால் செய்தால் என்ன?

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் நிறை சுமார் 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். ஆனால், அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். பெட்ரோல் இயந்திரத்தை விட்டு வெளியேறும் புகையின் வெப்பம் 800 டிகிரியைக்கூட எட்டும்.

டைட்டானியம்? அடர்த்தி 4.5, உருகுநிலை 1,668 டிகிரி. துருவும் பிடிக்காது. பந்தய வண்டிகளில் பயன்படுகிறது. அதன் தாதுவான இல்மனைட், மலையடிவாரக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க மணலிலும் உண்டு. ஆனால், தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கப் பெரும் செலவாகும்.

ஆகவே, பல கார்களில் எஃகுக் குழாய்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு இடுகிறார்கள். வலிமை எஃகுக்கு, காவல் அலுமினியத்திற்கு!

பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. குறுகிய பயணத்தில் குழாய் போதிய அளவு சூடாகாததால், நீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். துளை விழுந்தால், மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகலாம். குழாயின் சத்தம் மாறினால் உடனே வீட்டில் சொல்லுங்கள்.

கணக்கிடுங்கள்: 7.8 கிலோ எஃகுக் குழாயை அதே அளவில் டைட்டானியத்தால் செய்தால் நிறை எவ்வளவு?