பிள்ளைகளைப் பார்க்க வழி

கே: டேனரியில் வேலை. மனைவியை நெருங்கக் கூடாதென்று கோர்ட் உத்தரவு. வக்கீலுக்கு வசதியில்லை. பிள்ளைகளைப் பார்க்க முடியுமா?
– வாசகர், மேல்விஷாரம்

ப: முடியும், வீட்டு வாசலுக்குப் போய் அல்ல. சந்திக்க ஏற்பாடு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். பிள்ளைக்குத் தீங்கு வருமென்று கருதினால் மறுப்பார். சமாதானம் பேச ஆள் விடாதீர்கள். ஜமாத்தில் பேசி எழுதி வாங்கினாலும் உத்தரவு ரத்தாகாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி, மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. அப்பீலுக்கு 30 நாள்தான்.

வக்கீல் கவலை வேண்டாம். ஆலைத் தொழிலாளிக்கு, சம்பளம் எவ்வளவானாலும், 1987 சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. 15100-ல் கேளுங்கள். கோபமும் தூக்கமின்மையும் வாட்டினால் மனநல உதவி எண் 14416, அதுவும் இலவசம்தான்.