கூலிக்கு முன்பணம் கேட்கும் வேலை

வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது உலக வழக்கம். கூலி வேண்டுமானால் முதலில் நீ பணம் கட்டு என்பது எந்த ஊர் வழக்கம்? இணையத்தில் நடைபெறும் 'வீட்டிலிருந்தே வேலை' மோசடி இந்தத் தலைகீழ் வழக்கத்தின் மீதே நிற்கிறது. பினாங்கில் வேலை தேடும் நம் வாலிபர்களும், வீட்டிலிருந்தபடியே குடும்பத்துக்குக் கைகொடுக்க விரும்பும் பெண்மணிகளும் இதை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் வாட்ஸாப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வரும். கடைப் பொருளுக்கு நட்சத்திரம் இடுவது போன்ற இலேசான வேலை. தொடக்கத்தில் சில வெள்ளிகள் உண்மையாகவே நம் கணக்கில் வந்து சேரும். அது கூலியன்று, தூண்டிற்புழு. நம்பிக்கை பிறந்ததும், 'பெரிய கமிஷனுக்கு நூறு வெள்ளி கட்டுங்கள்' என்பார்கள். பிறகு ஆயிரம், அப்புறம் ஐயாயிரம். கைபேசித் திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால், வரி கட்டு என்பார்கள். முடங்கிய கணக்கைத் திறக்கப் பணம் கட்டு என்பார்கள். போட்டதை மீட்க வேண்டுமென்ற தவிப்பே நம்மை மேலும் போடச் செய்கிறது. திரையில் இருப்பது வெறும் எண், பணம் அன்று.

கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுத் தனியாள் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிற்க வேண்டும். அக்கணக்கு எண்ணைப் போலீசாரின் 'செமாக் மியூல்' தளத்தில் பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்பதனால் மட்டும் நம்பிவிடலாகாது; அது புதிதாகப் பிடித்த கணக்காக இருக்கலாம்.

இன்னொரு வலையும் உண்டு. 'உங்கள் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொடுங்கள். மாத வாடகை தருகிறோம்' என்பார்கள். பிறரிடம் பறித்த பணம் அதன் வழியே போகும். தக்க காரணமின்றி நம் கணக்கைப் பிறர் கையில் ஒப்படைப்பதே குற்றம் என்று 2024-ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வாடகை சில நூறு வெள்ளி. வழக்கோ நம் பெயரில்!

ஏமாந்தது தெரிந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. 2022 அக்டோபரில் அரசாங்கம் அமைத்த தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்னும் எண்ணில் அழைக்க வேண்டும். பணம் நிமிடங்களில் கணக்குக்குக் கணக்கு தாவும். முந்திக்கொண்டால்தான் தடுக்க வழியுண்டு. வங்கிக்கும் தெரிவித்து, போலீசில் புகார் கொடுக்க வேண்டும். வந்த செய்திகளையும் ரசீதுகளையும் அழித்துவிடக் கூடாது.

ஏமாந்தவர்கள் பலர் வெட்கத்தாலும், வீட்டார் ஏசுவார்களே என்ற பயத்தாலும் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் மோசக்காரனுக்கே லாபம். ஆகவே, பெற்றோர்களே! பிள்ளை வந்து சொன்னால் ஏச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம்; முதலில் 997-ஐ அழைப்போம்.