ஹலிபட் மீனைத் தூண்டிலில் பிடித்தலும் படகேற்றுதலும்

மொன்றியலைச் சூழ்ந்து ஓடுவது நன்னீர். இங்கே ஹலிபட் கிடைப்பதில்லை. அது சென் லோறன்ஸ் வளைகுடாவின் அடித்தளத்தில் வாழும் தட்டை மீன். நம் கடல்களின் எருமைநாக்கு மீன் இதற்குத் தூரத்து உறவு. எனினும் அட்லாண்டிக் ஹலிபட் இரண்டு மீற்றருக்கு மேலும் வளரக்கூடியது. கோடையில் காஸ்பே சென்று கடலில் தூண்டிலிட விரும்புவோர் கீழ்வருவனவற்றை அறிந்திருத்தல் நன்று.

முள்ளும் இரையும்

நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளே சிறந்தது. அது தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். கணவாய் அல்லது கானாங்கெளுத்தித் துண்டை இரையாகக் கோத்து, ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் சிறிதளவு உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

மீன் கடித்ததும்

தடியை வெடுக்கென இழுத்தல் ஆகாது. இழுத்தால் வட்ட முள் வாயிலிருந்து நழுவிவிடும். தடி நன்கு வளையும்வரை பொறுத்து, பின்னர் ரீலைச் சீராகச் சுற்ற வேண்டும். மீன் மீண்டும் அடிக்குப் பாயும்போது நூலை விட்டுக்கொடுத்தல் அவசியம். தங்கூசியைக் கையில் ஒருபோதும் சுற்றக்கூடாது. அது விரலை அறுத்துவிடும்.

படகருகே வந்தபின்

களைத்ததுபோல் தோன்றும் ஹலிபட், தலை நீருக்கு மேலே வந்ததும் பெருவலிமையோடு துள்ளும். ஆதலால் ஆயத்தமாகும்வரை தலையை உயர்த்தலாகாது. அனைவரும் ஒரே பக்கத்தில் கூடாமல், மிதவை அங்கி அணிந்திருக்க வேண்டும். பெரிய மீனை உயிரோடு படகினுள் ஏற்றுவது எலும்பு முறிவுக்கும் இடமளிக்கும்; அனுபவமுள்ள படகோட்டி அதை நீரிலேயே கொன்றபின் ஏற்றுவதே முறை.

திருப்பி விடுதல்

மீனின் அளவு மேலே வந்தபின்னரே தெரியும். வளைகுடாவின் வணிக மீன்பிடியில் 85 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஹலிபட்டைக் கடலில் விட்டுவிட வேண்டும். கொட் மீனுக்குள்ளதுபோன்ற காற்றுப்பை ஹலிபட்டுக்கு இல்லை. ஆழத்திலிருந்து விரைந்து மேலே வந்தாலும் அதன் உடல் அதிகம் பாதிக்கப்படாது. ஆகவே நீரில் வைத்தே குறட்டால் முள்ளைக் கழற்றி விட்டால், அது பிழைத்து வாழ வாய்ப்பு மிகுதி.

புறப்படுமுன்

கடல் மீன்பிடிப்புக்கான பருவம், நாளொன்றுக்குரிய எண்ணிக்கை, நீள அளவு ஆகியவற்றைக் கனடிய மீன்வள, சமுத்திரத் திணைக்களம் விதிக்கிறது. இவை ஆண்டுதோறும் மாறக்கூடும். கியூபெக்கின் நன்னீர் விதிகளிலிருந்து வேறானவை. செல்லும் பகுதிக்குரிய நடப்பாண்டு அறிவித்தலை வாசித்த பின்னரே தூண்டிலை எடுக்க வேண்டும்.