குழந்தையின் பேச்சும் மொழியும்: இருமொழிக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

இங்கிலாந்தில் வளரும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2 முதல் 2½ வயதுக்குள் ஒரு வளர்ச்சிப் பரிசோதனை நடைபெறுகிறது. அதற்கு முன்னதாக, ஹெல்த் விசிட்டர் எனப்படும் குடும்பநலத் தாதியின் குழுவினர் பெற்றோருக்கு ஒரு வினாக்கொத்தை அனுப்புவர். குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா, பெயர் சொல்லப்பட்ட பொருளைச் சுட்டிக்காட்டுகிறதா என்பன போன்ற கேள்விகள் அதில் இருக்கும். தமிழ்ப் பெற்றோர் சிலர் இவற்றுக்குக் குழந்தையின் ஆங்கிலத்தை மட்டும் கருத்திற்கொண்டு விடை எழுதுகின்றனர். இது தவறு. "அம்மா வா" என்று அழைக்கும் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசும் குழந்தையே. "பால்" என்பது ஒரு சொல்; "மில்க்" என்பது மற்றொரு சொல். பூனையைக் கண்டபோதெல்லாம் தவறாமல் "மியாவ்" என்றால் அதுவும் ஒரு சொல்லாகவே கொள்ளப்படும்.

பேச்சு, மொழி, தொடர்பாடல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஒலிகளைத் தெளிவாக உச்சரிப்பது பேச்சு. சொற்களை விளங்கிக்கொள்வதும் அவற்றைக் கோத்துக் கருத்தை வெளிப்படுத்துவதும் மொழி. பார்வை, சைகை, புன்னகை, முறைவைத்துப் பேசுதல் யாவும் தொடர்பாடலில் அடங்கும். குழந்தை முதலில் கற்பது இந்த மூன்றாவதையே. ஏறத்தாழ ஒரு வயதளவில் அது நிலவையோ விளக்கையோ விரலால் சுட்டிக்காட்டி, அம்மாவும் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறது. சொல் எதுவும் இல்லாத அந்தச் செயலே பின்னர் வரவிருக்கும் மொழிக்கு அடித்தளம்.

முதற்சொற்கள் பெரும்பாலும் முதலாவது பிறந்தநாளையொட்டி வரும். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களும் இருசொல் தொடர்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. இந்த எண்ணிக்கை இரு மொழிகளிலும் உள்ள சொற்களைக் கூட்டிப் பெறுவதாகும். மூன்று வயதில் சிறு வாக்கியங்களும் கேள்விகளும் வரும். உச்சரிப்பு மெதுவாகவே சீர்படும். "ராசா" என்பதை "லாசா" என்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ழகரத்தைப் பொறுத்தவரை, வளர்ந்தவர் பலருமே அதனை ளகரமாகத்தான் ஒலிக்கின்றனர்.

பேச்சுப் பிந்திய பிள்ளையின் பெற்றோர் உறவினரிடமிருந்தும், சில வேளைகளில் பாடசாலை வாயிலிலும் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு: "இரண்டு மொழியால் பிள்ளை குழம்புகிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள்." இதற்கு ஆதாரம் இல்லை. இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இரு மொழிகளையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதும் குழப்பத்தின் அறிகுறி அன்று. இருமொழி பேசும் பெரியவர்களும் அதனையே செய்கின்றனர். மாறாக, தமிழை நிறுத்துவதால் இழப்பு நேரக்கூடும். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசும் தாய், கதை சொல்வதையும் காரணம் விளக்குவதையும் குறைத்துக்கொள்வார். ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுடன் குழந்தை பேசவே முடியாமற்போகும். மொழிக்கு மிகுதியாகத் துணை தேவைப்படும் பிள்ளைக்கே வீட்டுப் பேச்சு குறைந்துவிடுகிறது.

உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடும் உண்டு. 30 பிள்ளைகள் உள்ள வகுப்பொன்றில் சராசரியாக இருவருக்கு அது இருக்கலாம். இதனை இனங்காண்பதற்குத் தமிழே பெருந்துணை. வீட்டில் தமிழில் சரளமாகப் பேசி, நர்சரியில் மட்டும் வாய் திறவாத பிள்ளை புதிய மொழியைச் செவிமடுத்துக்கொண்டிருக்கிறது எனலாம். இந்த மௌனம் சில மாதங்கள் நீடிப்பது இயல்பு. தமிழிலும் சொற்கள் குறைவு, எளிய ஏவல்களும் விளங்கவில்லை என்றால் காரணம் வேறு. இந்த வேறுபாட்டை ஆசிரியரால் தனியே அறிய முடியாது. பிள்ளை வீட்டில் தமிழில் எவ்வாறு பேசுகிறது என்பதைப் பெற்றோரே எடுத்துரைக்க வேண்டும்.

"ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்", "தகப்பனும் நான்கு வயதில்தான் பேசினார்" என்று காத்திருப்பதும் நல்லதன்று. சராசரியில் ஆண்பிள்ளைகள் சற்றுப் பிந்தினாலும் அந்த வேறுபாடு சிறியது. நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதால் பேச்சு வருவதில்லை. தேனோ ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது. அரிதாகக் கடும் நச்சு நோயை உண்டாக்கக்கூடியது.

முதலிற் பார்க்க வேண்டியது செவிப்புலனையே. பிறந்தவுடன் செய்யப்பட்ட பரிசோதனை நன்றாக இருந்தாலும், பின்னர் நடுச்செவியில் பசைபோன்ற நீர் தேங்கிக் கேட்டல் மங்கலாம். சிறுவரிடையே இது மிகச் சாதாரணம்; பெரும்பாலும் தானே நீங்கும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுதல், பின்னால் நின்று அழைத்தால் திரும்பாமை ஆகியவை அதன் அடையாளங்கள். முன்பு பேசிய சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால், வயது எதுவாயினும், தாமதியாது ஜீ.பி.யிடம் செல்ல வேண்டும்.

உதவி பெறுவதற்கு இரண்டு வயதுப் பரிசோதனை வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஹெல்த் விசிட்டர், ஜீ.பி., நர்சரி ஆகிய எவர் வழியாகவும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புமாறு கேட்கலாம். பல இடங்களில் பெற்றோர் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. காத்திருக்கும் காலம் நீளக்கூடுமாதலால் முன்கூட்டியே கேட்பது நன்று. சந்திப்பு நேரத்தைக் குறிக்கும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் இலவசம். மூத்த பிள்ளையை உரைபெயர்க்க வைப்பது உகந்ததன்று. சந்திப்புக்குச் செல்லுமுன், ஒரு வாரத்தில் குழந்தை சொன்ன சொற்களை, எந்த மொழியாயினும், கேட்டபடியே குறித்து, சிவப்புப் புத்தகத்துடன் எடுத்துச் செல்லலாம்.