முகமூடிக்கு முன் மஞ்சள் துண்டைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தாடையில் பருக்கள் வந்து வந்து போகின்றன. போகும்போது கறுப்புத் தழும்பை விட்டுவிட்டுப் போகின்றன. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது எல்.இ.டி. விளக்குகள் பதித்த முகமூடி ஒன்று வாங்கி வந்தான். சிவப்பு, நீலம், இரண்டும் சேர்ந்தது என்று அதில் மூன்று பொத்தான்கள். தினமும் பத்து நிமிடம் போட்டால் போதும் என்கிறான். போடுவதற்கு முன் முகத்தை எப்படித் தயார் செய்ய வேண்டும்? ஸ்க்ரப் போட்டுத் தேய்த்து, எலுமிச்சைச் சாறு தடவிக் கழுவினால் ஒளி நன்றாக உள்ளே இறங்கும் என்று நாத்தனார் சொல்கிறார். நான் செவ்வாய், வெள்ளி மஞ்சள் பூசிக் குளிப்பவள். மற்ற நாட்களில் வீட்டில் அரைத்த குளியல் பொடி. பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேன். இரவில் மெடிக்கலில் வாங்கிய ஒரு க்ரீம் போடுகிறேன். போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது, விட்டால் சிவந்து எரிகிறது. மேலுதட்டில் முடி இருக்கிறது. இந்த விளக்கு அதையும் எடுக்குமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எடுக்காது. முடியை எடுப்பது ஐ.பி.எல். என்ற வேறு வகைக் கருவி. அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பளீரென்று வெட்டி, முடியின் கறுப்பு நிறமியைச் சுட்டு, வேரைச் சேதப்படுத்துகிறது. நம் தோலிலும் அதே நிறமிதான் நிறைய இருக்கிறது. அதனால்தான் ஆழ்ந்த பழுப்பு, கறுப்பு நிறத் தோலுக்கு வீட்டு ஐ.பி.எல். வேண்டாம் என்று அதன் பெட்டியிலேயே நிற அட்டை போட்டு எச்சரித்திருப்பார்கள். தெற்காசியப் பெண்கள் சிலருக்குக் கன்னத்திலும் தாடையிலும் அதைப் போட்ட பிறகு முடி கூடுதலாக முளைப்பதும் உண்டு. உங்களிடம் இருப்பது அந்தக் கருவி அல்ல, நல்லதாயிற்று. மேலுதட்டுக்கு நூல் போட்டால், அன்றும் மறுநாளும் முகமூடியைத் தொடாதீர்கள்.

இனி தயாரிப்பு. தயாரிப்பு என்றதும் எதைப் பூசலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. உங்கள் முகத்திலும் உடம்பிலும் ஏற்கெனவே இருக்கிற சிலவற்றை அகற்றினால்தான் ஒளியைப் பற்றிப் பேசவே முடியும்.

நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனை வேண்டாம். முகத்துத் தோலின் மேல் அடுக்கில் உள்ள இறந்த செல்கள் நோட்டுப் புத்தகத் தாளைவிடப் பல மடங்கு மெல்லியவை. சிவப்பு ஒளி அவற்றைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் ஆழம்வரை தானாகவே போய்விடும்; வழிவிடச் சொல்லித் தேய்க்கத் தேவையில்லை. தேய்த்தால் பரு உடையும், தோல் சிராயும். நம்முடையதைப் போன்ற பழுப்புத் தோல் எந்தச் சிராய்ப்புக்கும் கறுப்பு நிறத்தால்தான் பதில் சொல்லும். உங்கள் தாடையில் இருக்கும் தழும்புகள் அப்படி வந்தவைதான்.

எலுமிச்சைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் சாற்றிலும் தோலிலும் சோரலின் குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனங்கள் இருக்கின்றன. இவை தோலில் ஒட்டியிருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால், இரண்டு மூன்று நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளம் கட்டி, பிறகு பழுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும். உங்கள் முகமூடியில் புற ஊதாக் கதிர் இல்லை. ஆனால் காலையில் பள்ளிக்குப் போகும் சாலையில் இருக்கிறதே.

இதைச் சொல்லும்போது உங்கள் குளியல் பொடியையும் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் கார்போகரிசி போட்டு அரைத்திருக்கிறீர்களா? பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு நாட்டு மருந்துக் கடையில் கட்டிக் கொடுக்கும் சாமான்களில் அந்தச் சின்னக் கறுப்பு விதை பெரும்பாலும் இருக்கும். வெண்குட்டத்துக்கு அதைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொன்ன வைத்தியம் நம் நாட்டில் மிகப் பழையது. சோரலினுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்துதான். ஒளிக்குத் தோலைத் தயார் செய்வது என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் அந்த விதையில் இருக்கிறது. நிறம் இழந்த தோலில் நிறத்தை வரவழைக்க அது உதவியது. நீங்கள் கேட்பதோ நேர் எதிரானது: கறுப்பு குறைய வேண்டும். ஆகவே அடுத்த முறை அரைக்கும்போது கார்போகரிசியை விட்டுவிடுங்கள். பயறும் ரோஜா இதழும் இருக்கட்டும்.

மஞ்சளுக்கு வருகிறேன். மஞ்சளை நான் குறை சொல்லப் போவதில்லை. என் அம்மாவும் பூசிக் குளித்தவர்தான். ஆனால் ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே அது நீல ஒளியை விழுங்கிக்கொள்வதுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் மிக நன்றாக உறிஞ்சுவது ஏறக்குறைய 425 நானோமீட்டர் ஒளியை. பருவுக்கான முகமூடிகளில் வரும் நீலம் 415-ஐ ஒட்டியது. மஞ்சள் முகத்தோடு நீல விளக்கைப் போட்டால், தோலுக்குப் போக வேண்டிய ஒளியை மஞ்சள் பிடித்துவைத்துக்கொள்ளும். அதோடு நிற்காது. நீல ஒளி பட்ட குர்குமின் வினைமிகு ஆக்சிஜனை உண்டாக்கும். வாயில் உள்ள கிருமிகளைக் கொல்லப் பல் மருத்துவ ஆய்வுகளில் இந்தச் சேர்க்கையைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் அளந்து செய்யும் இந்தக் காரியம், கழுவ மறந்த கன்னத்தில் அளவில்லாமல் நடக்க வேண்டாம்.

மஞ்சள் போய்விட்டதா என்று கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துக் காதோரம், மூக்கின் இரு பக்கம், புருவத்துக்குள், தாடைக்கு அடியில் ஒற்றி எடுங்கள். துண்டில் மஞ்சள் ஒட்டினால் முகத்திலும் இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கறை போகாது. மென்மையான ஃபேஸ்வாஷ் வேண்டும். இந்தச் சிரமமே வேண்டாம் என்றால், முகமூடிக்குத் திங்கள், வியாழன், சனி என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மஞ்சளுக்கே இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று முறை போதும். தம்பி சொன்ன ‘தினமும்’ என்பதைவிடக் கருவியோடு வந்த கையேடு சொல்வதைக் கேளுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள்.

போடும் நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சன்ஸ்க்ரீன், பவுடர், கண்மை, ஸ்டிக்கர் பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஃபேஸ்வாஷ் போட்டு ஒரு முறை கழுவுங்கள். சன்ஸ்க்ரீனில் உள்ள ஸிங்க் ஆக்சைடு ஒளியைத் தடுக்கவே போடப்பட்டது, அது இருந்தால் விளக்கின் பலன் குறையும். தேங்காய் எண்ணெயும் முன்னால் வேண்டாம். பரு வரும் முகத்துக்கு அது எப்போதுமே ஆகாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முகம் உலர்ந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மங்குக்கு வெப்பம் ஆகாது என்பதால் அடுப்படியிலிருந்து வியர்த்து வந்த கையோடு போட வேண்டாம். மாய்ஸ்சரைசர், மருந்துக் களிம்பு எல்லாம் முடிந்த பிறகுதான்.

கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இமை வழியாகவும் ஒளி போகும். கருவியோடு கண் காப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் போடுங்கள். அமெரிக்காவில் நியூட்ரோஜினா நிறுவனம் பருவுக்கான தன் ஒளி முகமூடியை 2019-ல் தானாகவே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், ஒளிக்கூச்சத்தைக் கூட்டும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண்ணில் பாதிப்பு வரலாம் என்ற கவலைதான் காரணம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்ட அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால், ஆசைக்குக்கூட அவர்களுக்கு மாட்டிவிடாதீர்கள். வலிப்பு நோய், லூபஸ், போர்ஃபிரியா உள்ளவர்களுக்கும் இது வேண்டாம்.

மருந்து என்றதும் உங்கள் டாக்ஸிசைக்ளின். இது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் மாத்திரை. அந்தக் கூச்சம் பெரும்பாலும் புற ஊதாக் கதிரால்தான் என்றாலும், இத்தகைய மருந்துகளைச் சாப்பிடும்போது ஒளி முகமூடி கூடாது என்றே கையேடுகள் சொல்கின்றன. நானும் அப்படித்தான் சொல்வேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடித்து, அதற்குப் பிறகும் ஒரு வாரம் போகட்டும். இதைப் படிக்கும் மற்றவர்கள், ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயஸைடு, இதயத் துடிப்புக்கு அமியோடரோன், பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் சாப்பிட்டால் இதே எச்சரிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று பொத்தானில் எதை அழுத்துவது? மங்கு இருப்பதால் நீலத்தை அழுத்தாதீர்கள். பருக் கிருமி தனக்குள் சேர்த்துவைத்திருக்கும் போர்ஃபிரின் என்ற பொருளை நீல ஒளி தூண்டிக் கிருமியை அழிக்கிறது, அதனால் லேசான பருவுக்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2014-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மாநிறத் தோல் உள்ளவர்கள்மீது 415 நானோமீட்டர் நீல-ஊதா ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். நீலம் பட்ட இடம் கறுத்தது, அந்தக் கறுப்பு மூன்று மாதம்வரை நின்றது. சிவப்பு பட்ட இடத்தில் ஒன்றும் இல்லை. ஆய்வில் கொடுத்த அளவும் வீட்டு முகமூடியின் அளவும் ஒன்றல்ல. ஆனாலும் ஏற்கெனவே மங்கு உள்ள கன்னத்தில் அந்தச் சோதனையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். சிவப்பு மட்டும் போடுங்கள். அது பருவின் வீக்கத்தையும் சிவப்பையும் ஓரளவு தணிக்கும். மங்கை அழிக்காது. மங்குக்கு உங்கள் சிறந்த துணை, இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்க்ரீன். வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும்.

கடைசியாக, நான் அதிகம் கவலைப்படுவது அந்த இரவு க்ரீமைப் பற்றித்தான். போட்டால் பளிச்சென்று இருக்கிறது, விட்டால் சிவந்து எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரி போதும். என் புறநோயாளிப் பிரிவில் இதே வரியை வாரம் தவறாமல் கேட்கிறேன். ட்யூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் சிகரெட் தாள் போல மெலியும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், பருவும் முடியும் பெருகும். உங்கள் தாடைப் பருவுக்கும் மேலுதட்டு முடிக்கும்கூட அது காரணமாக இருக்கலாம். 2018-ல் மத்திய அரசு இத்தகைய பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. ஆனாலும் மெடிக்கலில் பேர் சொல்லிக் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. எத்தனையோ நல்ல முகங்கள் இதனால் கெட்டுப்போவதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

இப்படி மெலிந்த தோல்மீது எந்த ஒளியையும் பாய்ச்சக் கூடாது. அதற்காக இன்றிரவே க்ரீமை நிறுத்திவிடவும் கூடாது. திடீரென்று விட்டால் முகம் நெருப்பாக எரிந்து, சீழ்ப் பருக்கள் ஒரே வாரத்தில் வெடிக்கலாம். பயந்துபோய்ப் பலர் மறுபடியும் அதே ட்யூபை வாங்குகிறார்கள். படிப்படியாகக் குறைத்து வெளியே கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. அதை மருத்துவர்தான் பக்கத்திலிருந்து செய்ய வேண்டும். பல மாதம் ஆகும், ஆனால் தோல் தேறிவரும்.

அது தேறியபின் முகமூடியைத் தொடங்கும்போது, முதலில் முன்கையின் உட்புறத்தில் பாதி நேரம் வைத்துப் பாருங்கள். சிவப்பு, எரிச்சல் இரண்டு நாளில் தெரிந்துவிடும். நம் தோலில் கறுப்பு மெதுவாகத்தான் ஏறும் என்பதால் முழுதாக இரண்டு வாரம் காத்திருங்கள். தொடங்கும் முன் ஒரே ஜன்னலோரம், ஒரே நேரத்தில், ஃபில்டர் இல்லாமல் முகத்தைப் படம் எடுத்துவையுங்கள். மாதம் ஒரு முறை ஒப்பிடலாம். மங்கு ஒரு சாயல் கூடினாலும் நிறுத்திவிடுங்கள்.

இந்த வாரமே அந்த க்ரீம் ட்யூபையும், மாத்திரை அட்டையையும், முகமூடியோடு வந்த கையேட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை முகமூடி பெட்டியிலேயே இருக்கட்டும்.