கூரையைப் பார்த்துவிட்டுத் தரைக்கு வாருங்கள்

கேள்வி: இண்டூரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கியிருக்கிறோம். மாசியில் பத்திரம் முடிந்தது. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர், சீமை ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை. ஏழெட்டு வருடமாகப் பூட்டியே கிடந்த வீடு. சுவரின் அடிப்பக்கம் பொரிந்து உதிர்கிறது. கூடத்தில் நாலைந்து இடத்தில் ஒழுகுமாம். பார்க்க வந்த மேஸ்திரி, “ஓட்டைப் பிரிச்சுட்டுத் தளம் போட்டுடலாம், சுவருக்கு சிமென்ட் பூச்சு, கீழே டைல்ஸ், மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்” என்கிறார். வீட்டில் ஆவணியில் பால் காய்ச்ச வேண்டும் என்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– வாசகர், இண்டூர்

பதில்: மேஸ்திரி சொன்ன மூன்றில் முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவது கடைசியில்.

தளத்தை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஐந்து அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். உங்கள் ஓடும் அதைத் தாங்கும் மரமும் சேர்ந்தாலே 100 கிலோவைத் தொடாது. இத்தனை காலம் அந்தப் பாரத்துக்குப் பழகிய மண்சாந்துச் சுவரின் தலையில் மூன்று மடங்கை ஏற்றுவதை எந்தப் பொறியாளரும் சுவரைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். தளம்தான் வேண்டுமென்றால் தனியாகத் தூண் எழுப்ப வேண்டும். அதற்குப் புது வீடே கட்டிவிடலாம்.

வேலைக்கு ஆள் விடுவதற்கு முன் வீட்டைக் காலி செய்யுங்கள். கொட்டகையில் குவிந்திருக்கும் ஓடு, விறகு, சாக்கு எதையும் வெறுங்கையால் தூக்காதீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் தேளும் விரியனும் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால் அதை உடைக்க வேண்டாம். நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்குங்கள்.

அடுத்து கூரை. முதல் கோடை மழை வரும்போது ஒரு சாக்பீஸோடு கூடத்தில் போய் நில்லுங்கள். சொட்டு விழும் இடத்தில் தரையில் வட்டம் போடுங்கள். பிறகு மேலே பாருங்கள். கைமரத்தில் கறுப்பாக வழிந்த தடம் இருக்கும். ஒழுகல் பெரும்பாலும் வட்டத்துக்கு நேர் மேலே இருக்காது. நீர் மரத்தோடு வழிந்து வந்துதான் சொட்டும், ஆகவே அந்தத் தடத்தைப் பிடித்து முகட்டுப் பக்கம் தேடுங்கள். ஓட்டை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தையாக வந்தால் உள்ளே விரிசல். மாற்று ஓடு வாங்கும்போது பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு சூளையின் வரிப்பள்ளம் இன்னொரு சூளை ஓட்டோடு பொருந்துவது அபூர்வம். இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய ஓடே பல நேரம் பொருந்தும்.

மரத்தில் பார்க்க வேண்டியது நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் நுழையும் முனையை. ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியே ஆக வேண்டும். ரீப்பர் போனால் செலவு கொஞ்சம்தான், உத்தரம் போயிருந்தால் கணக்கே வேறு. ஆகவே கூரையைப் பிரித்துப் பார்க்கும்வரை கையிருப்பில் கால் பங்கைத் தொடாதீர்கள்.

இனி சுவர். அடியில் பொரிந்து உதிர்வதற்குச் சுவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாசலில் நின்று, தெரு உயரமா, உங்கள் தரை உயரமா என்று பாருங்கள். நம் ஊர்களில் தாரின் மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிவிட்டது, வீடு பள்ளத்தில் விழுந்துவிட்டது. வெளிப்பக்கம் சுவரோரம் சேர்ந்திருக்கும் மண்ணை வெட்டி எடுத்து, தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, நீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். பழைய கட்டடங்களில் அது ஆழமாக இருக்காது.

இதைச் செய்யாமல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியின்றி மேலே ஏறும். இன்று முழங்கால் உயரத்தில் இருக்கும் உப்பு, இரண்டு மழைக்காலத்தில் ஜன்னலடிக்கு வந்துவிடும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். அதைப் பூசத் தெரிந்த வயதானவர்கள் சுற்றுக் கிராமங்களில் இருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள். விரிசல் இருந்தால் இரு ஓரத்திலும் பென்சில் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். கோடுகளின் இடைவெளி கூடினால், அல்லது தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சுவர் பிதுங்கித் தெரிந்தால், மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஆவணிக்குள் கூரை, வடிகால், வயரிங், ஒரு கழிப்பறை, சமையலறை முடிந்துவிடும். பால் காய்ச்ச இவ்வளவு போதும். டைல்ஸை ஐப்பசி மழை பார்த்துவிட்டுத் தையில் போடுங்கள். ஈரம் எங்கே வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். பழைய வயரில் ஒரு அடிகூட மிச்சம் வைக்காதீர்கள். புது எர்த், 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: தண்ணீர். தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும் எலும்பு வலியும் இங்கே பல குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இந்திய தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. உங்கள் போர் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் குடிநீருக்கும் போர் நீருக்கும் தொட்டியும் குழாயும் தனித்தனியாக இருக்கட்டும். தரை போட்ட பிறகு இதை மாற்றினால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். குடிநீர்ச் சம்ப் தோண்டுவதற்கு முன், உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தொட்டியின் அளவை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.