நாய்க்குட்டிகளுக்கு உண்டாகும் மூத்திரப்பை வியாதி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் வரையில் செல்லும் சாலையின் இருபுறங்களிலும், முன்னாளில் ஏரிப்பாய்ச்சல் நெல்லும் மானாவாரி வேர்க்கடலையும் விளைந்து வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் வருஷத்திலும் ஒரகடத்தில் 2010-ஆம் வருஷத்திலும் பெரிய மோட்டார்த் தொழிற்சாலைகள் உற்பத்தி தொடங்கிய பிறகு, இப்பகுதியின் தோற்றமும் குடிகளின் தினசரி வாழ்க்கையும் வெகுவாக மாறிவிட்டன. ஆயினும், மிஞ்சிய நிலத்தில் பயிரிடுவோருக்கும் ஆடு வளர்ப்போருக்கும் பட்டியையும் களத்தையும் காக்க நாய் இன்னும் வேண்டியதாகவே இருக்கிறது. அந்நாயைக் குட்டிப் பருவத்தில் பீடிக்கும் ஒரு வியாதியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இவ்வியாதியைக் கெட்ட பழக்கம் என்று தவறாக எண்ணி, குட்டியை அடிப்பதும் சாலையில் கொண்டுபோய் விடுவதும் அடிக்கடி நடந்து வருகின்றன.

நானே செய்த பிழை

நான் பயிர்த்தொழிலில் டிப்ளோமாப் பெற்றவனேயன்றி மிருக வைத்தியனல்லன். சில வருஷங்களுக்கு முன், ஒரகடத்திற்கு அடுத்த ஒரு கிராமத்தில் விதைநேர்த்தி செய்துகாட்டச் சென்றிருந்தேன். அங்கே ஒரு குடியானவர், ஆட்டுப்பட்டிக்கென்று வளர்த்த மூன்று மாதப் பெட்டைக் குட்டியைக் காட்டி, "ஐயா, இது படுத்த சாக்கையே நனைத்துவிடுகிறது, எத்தனை அடித்தும் திருந்தவில்லை" என்றார். இரவில் தண்ணீரைக் குறைத்து வையுங்கள் என்று நான் சொல்லிவந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது அக்குட்டி இரத்தங் கலந்த மூத்திரத்தைத் துளித்துளியாக விட்டு முனகிக்கொண்டிருந்தது. அன்றே அதனைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசென்றோம். நான் சொன்ன யோசனையே வியாதியை வளர்த்தது என்பதை அவர் விளக்கியபோது மிகவும் வெட்கமடைந்தேன். அவரிடம் அன்று கற்றதும் பின்னர் அறிந்ததுமே இக்கட்டுரை.

வியாதி உண்டாகும் விதம்

குண்டிக்காய்களில் உற்பத்தியாகும் மூத்திரம் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியாக மூத்திரப்பையில் இறங்கித் தங்கி, பிறகு தாரை வழியே வெளியேறுகிறது. மலத்திலும் மண்ணிலும் உள்ள கிருமிகள் தாரையின் வழியே மேலேறப் பார்க்கும். மூத்திரம் அடிக்கடி பெருகி வெளியேறுமானால் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். பையில் வெகுநேரம் தேங்குமானால் அவை பெருகிப் பையின் உட்சுவரைப் புண்ணாக்கும். பெட்டைக் குட்டிகளுக்குத் தாரை குறுகியதாகையால் அவைகளுக்கே இவ்வியாதி அதிகம். 1885-ஆம் வருஷத்தில் தியோடர் எஷரிக் என்னும் வைத்தியர் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதியதும், அவர் பெயராலேயே வழங்குவதுமான ஈ. கோலை என்ற கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

இப்பகுதியில் இதற்கு இடங்கொடுக்கும் வழக்கம் ஒன்றுண்டு. கணவனும் மனைவியும் கம்பெனிப் பஸ்ஸில் ஷிப்டு வேலைக்குப் போய்விட, குட்டி ஒன்பது பத்து மணி நேரம் அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டொரு மணி நேரத்திற்குமேல் மூத்திரத்தை அடக்க இயலாது. அடியுண்ட குட்டியோ பயத்தால் வலிந்து அடக்கும். குடிக்கத் தண்ணீரும் இல்லையெனில் மூத்திரம் சுருங்கித் தேங்கும்.

குறிகள்

குட்டிகள் தூங்கி எழுந்தவுடனும், தின்றவுடனும், விளையாடியவுடனும் மூத்திரம் விடுவது இயல்பு. அதனை வியாதி என்று எண்ணவேண்டுவதில்லை. விடும் அளவையும் விதத்தையும் கவனித்தால் வித்தியாசம் தெரியும்.

1. அடிக்கடி குந்தி, ஒவ்வொரு முறையும் சில துளிகளே விடுதல்.
2. முக்குதல், விடும்போது முனகுதல்.
3. தாரையை ஓயாமல் நக்குதல்.
4. மூத்திரம் கலங்கியோ, சிவந்தோ, துர்நாற்றத்துடனோ இருத்தல்.
5. வெளியில் விடப் பழகிய குட்டி திடீரென்று படுக்கையை நனைத்தல்.

மூத்திரப்பையில் மட்டும் வியாதி இருந்தால் குட்டி பெரும்பாலும் ஜுரமின்றித் தின்று விளையாடும். அதனாலேயே பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். ஜுரம், வாந்தி, தீனி மறுத்தல், முதுகைத் தொட்டால் நோதல் ஆகியவை கண்டால் வியாதி குண்டிக்காய்களுக்கு ஏறியிருக்கலாம். பிறந்தது முதல் தூக்கத்திலும் ஓயாமல் சொட்டிக்கொண்டேயிருக்கும் பெட்டைக் குட்டிக்கு மேற்சொன்ன மெல்லிய குழாய் இடம்மாறி அமைந்திருக்கக் கூடும்; இதற்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. முக்கியும் ஒரு துளிகூட வராமல் வயிறு கெட்டிப்பட்டிருந்தால் அது அபாயக் குறி. மறுநாள் வரையில் காத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூத்திரத்தைப் பிடிக்கும் முறை

கண்ணால் பார்த்தே இவ்வியாதியை நிச்சயிக்க முடியாது, பரிசோதனை வேண்டும். கொதிநீரில் கழுவி ஆறவைத்த தட்டையான கரண்டியைக் காலையில் குட்டி குந்தும்போது நீட்டி, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, சுத்தமான மூடியுள்ள சீசாவில் ஊற்றி, அரைமணிக்குள் வைத்தியசாலை சேர்ப்பித்தல் நலம். தாமதமாகுமானால் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறையவிடலாகாது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறிவதற்கு, வைத்தியரே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி மூத்திரப்பையிலிருந்து நேராக எடுப்பார். இதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை; வெளிக்கிருமி கலவாத சுத்தமான மாதிரி இம்முறையில்தான் கிடைக்கும். அடுத்துள்ள அரசாங்கக் கால்நடை வைத்தியசாலையை முதலில் நாடுக. சிக்கலான கேஸ்களுக்கு, 1903-ஆம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பெற்று இப்போது வேப்பேரியில் நடைபெறும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சிகிச்சை

குட்டியை நிறுத்து, எடைக்குத் தக்க அளவில் வைத்தியர் மருந்து கொடுப்பார். பல சமயங்களில் அமாக்ஸிசிலின் போதுமானது. மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிக் கொடுப்பதால் வரும் கேடுகளைக் கவனியுங்கள். என்ரோபிளாக்ஸசின் இனத்து மருந்துகள் வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கக் கூடும். டெட்ராசைக்ளின் இனம் முளைக்கும் பற்களைக் கறைப்படுத்தும். மனிதர் நோவுக்குத் தின்னும் இபுப்ரோபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிக் குண்டிக்காய்களையும் கெடுக்கும். நெருஞ்சில் கஷாயமும் பார்லித் தண்ணீரும் கிருமியைக் கொல்லமாட்டா. அவற்றை நம்பிக் காலங்கடத்தலாகாது.

வைத்தியர் விதித்த நாள் வரையில் மருந்தை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். நான் மேலே சொன்ன குடியானவர், மூன்றாம் நாளே இரத்தம் நின்றது கண்டு மிச்ச மாத்திரையைப் பரணில் வைத்துவிட்டார். இரண்டு வாரத்தில் வியாதி திரும்பிற்று. இரண்டாம் முறை விதித்தபடி முழுதும் கொடுத்து, மூத்திரத்தையும் மறுபடி பரிசோதித்த பின்னரே குட்டி பூரண சுகமடைந்தது. இவ்வாறு அடிக்கடி திரும்புமானால், உள்ளே கல்லோ பிறவிக் கோளாறோ உண்டா என்று தேட வேண்டும்.

மழைக்காலத்தில் விசேஷ ஜாக்கிரதை

ஐப்பசி கார்த்திகை மழையில் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கும்போது, எலிகளின் மூத்திரத்தால் லெப்டோஸ்பைரோஸிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவக்கூடும். ஜுரம், வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளித்தல், மூத்திரம் குறைதல் ஆகியவை இதன் குறிகள். சாதாரண மூத்திரப்பை வியாதியைப் போலன்றி, இது நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் தொற்றும். ஆகவே சந்தேகமுள்ள குட்டியின் மூத்திரத்தை வெறுங்கையால் தொடாமல், உறையணிந்து துடைத்து, இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிக் கைகளைச் சோப்பால் சுத்தம் செய்ய வேண்டும். இதற்குத் தடுப்பூசி உண்டு. இரண்டு மாத வயதுக்குமேல் சில வார இடைவெளியில் இருமுறையும், பின்னர் வருஷந்தோறும் போடுவது வழக்கம்.

தடுக்கும் முறை

குடிதண்ணீர் எப்போதும் குட்டியின் எதிரில் இருக்கட்டும். பகலில் இரண்டு மணிக்கொருமுறை வெளியே விடுங்கள். வேலைக்குப் போவோர் அண்டை வீட்டாரிடம் சொல்லி வைக்கலாம், அல்லது நிழலும் வடிகாலுமுள்ள வேலியிட்ட இடத்தில் விடலாம். சாக்கைத் தினமும் மாற்றி வெயிலில் உலர்த்துங்கள். கழிச்சலால் பின்புறம் அசுத்தமானால் வெந்நீரில் கழுவித் துடையுங்கள். சாலையில் தாய் லாரியில் அடிபட்டிறந்து, கண் திறவாக் குட்டிகளை எடுத்து வளர்ப்போர் ஒன்றறிய வேண்டும்: ஏறக்குறைய மூன்று வாரம் வரையில் அவை தாமாக மூத்திரம் விடமாட்டா, தாய் நக்குவதற்குப் பதிலாக, பாலூட்டுந்தோறும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றிவிட வேண்டும்.

அன்று பிழைத்த அக்குட்டி இப்போது வளர்ந்து அதே பட்டியைக் காத்து வருகிறது. வாயில்லா ஜீவன் தன் நோவைப் படுக்கையை நனைத்துத்தான் தெரிவிக்கும். அதைக் கண்டதும் பிரம்பை எடுக்காமல் சீசாவை எடுத்து மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.